பொறுக்கத்தக்க வலியும் பொறுக்கக் கூடாத வலியும்

பல்கம்பி அணிந்திருப்போர் வாய் வேதனையைத் தணித்துக்கொள்ளும் வழிகள்

சில ஆண்டுகளுக்கு முன்பு, 14 வயது மாணவி ஒருத்தி எங்கள் பல்சீரமைப்புப் பிரிவுக்கு மாதந்தோறும் தந்தையுடன் வந்துகொண்டிருந்தாள். ஊரிலிருந்து இரண்டு பேருந்துகள் மாறி வர வேண்டும். வரும் நாளில் தந்தைக்கு அன்றைய கூலி கிடையாது. மேல்வரிசைப் பற்களுக்குக் கம்பி பொருத்தி முடித்த அன்று, எல்லோரிடமும் சொல்வதைப் போலவே அவளிடமும், "கொஞ்சம் வலிக்கும்மா, பொறுத்துக்கோ" என்று சொல்லி அனுப்பிவைத்தோம்.

அடுத்த மாதம் வந்தபோது அவள் முகம் வாடியிருந்தது, உடல் மெலிந்திருந்தது. வாயைத் திறக்கச் செய்து பார்த்தோம். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் கம்பியின் நுனி சற்றே வெளியே நீண்டிருந்தது. அது குத்திய இடத்தில், கன்னத்தின் உட்புறம், வெண்படலம் படர்ந்த ஆழமான புண். அந்தப் பக்கம் தூரிகை படவே இல்லை என்பதை வீங்கிச் சிவந்திருந்த ஈறுகள் காட்டின. நீண்டிருந்த நுனியை வெட்டி எடுக்க எங்களுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"எத்தனை நாளா குத்துதும்மா?"

"ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கும், டாக்டர்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா?"

"நீங்கதானே டாக்டர் வலிக்கும், பொறுத்துக்கோன்னு சொன்னீங்க. அப்பாவுக்கும் வேலை கெட்டுடும்."

பிழை எங்களுடையது என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. வலிக்கும் என்று சொன்ன நாங்கள், எந்த வலி, எத்தனை நாள், எதற்குமேல் பொறுக்கக் கூடாது என்பதைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து, கம்பி பொருத்தும் ஒவ்வொருவருக்கும் வலியை இரண்டாகப் பிரித்துச் சொல்லும் வழக்கத்தை மேற்கொண்டோம். பல் நகர்வதால் வரும் அழுத்தவலி ஒன்று. உலோகம் உராய்வதாலோ குத்துவதாலோ வரும் வலி மற்றொன்று. முன்னது தானே தணியும். அதைத் தணிக்க எளிய வழிகளும் உண்டு. பின்னதற்குக் காரணத்தை நீக்குவதே மருந்து. இவ்விரண்டையும் நோயாளிகளும் குடும்பத்தினரும் அடையாளம் கண்டுகொள்ள உதவுவதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பல் நகரும்போது நிகழ்வது

பல் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. பல்வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள நார்த்திசு ஒன்று மெத்தை போல அமைந்துள்ளது. கம்பி பல்லைத் தள்ளும்போது இந்த மெத்தை ஒரு பக்கம் நசுங்குகிறது, மறுபக்கம் இழுபடுகிறது. நசுங்கிய பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலை செய்யத் தொடங்குகின்றன. இழுபட்ட பக்கத்தில் எலும்பைக் கட்டும் செல்கள் புதிய எலும்பை உருவாக்குகின்றன. இப்படி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவில் பல் இடம் மாறுகிறது. கம்பிச் சிகிச்சைக்குப் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் தேவைப்படுவதன் காரணம் இதுவே. கம்பியை அதிகமாக முறுக்கி இதை விரைவுபடுத்த இயலாது. விசை மிகுந்தால் வலிதான் கூடும். வேருக்கும் தீங்கு நேரலாம்.

நசுங்கிய திசுவில் புரோஸ்டாகிளாண்டின் போன்ற வேதிப்பொருள்கள் சுரக்கின்றன. பல் நகர இவை தேவை. நரம்புகளைத் தூண்டி வலியை உணரச் செய்வனவும் இவையே. கம்பியைப் பொருத்திய அல்லது மாற்றிய சில மணி நேரத்தில் வலி தொடங்கும். ஏறத்தாழ 24 மணி நேரத்தில் உச்சத்தை அடையும். இரண்டு மூன்று நாட்களில் குறையத் தொடங்கி, பெரும்பாலோருக்கு ஒரு வாரத்திற்குள் நீங்கிவிடும். இந்நாட்களில் பற்கள் மேலும் கீழும் சேரும்போது கூச்சமும் வலியும் தோன்றும். பல் இலேசாக ஆடுவது போலவும் இருக்கும். இவை எதிர்பார்க்கத்தக்கவை. அடுத்தடுத்த மாதங்களில் கம்பியை மாற்றும்போது இதே வலி மீண்டும் வரும். ஆயினும் பலருக்கு முதன்முறை அளவுக்குக் கடுமையாக இருப்பதில்லை.

இந்தக் கால அட்டவணையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு நாள் குறையும் வலி இயல்பானது. ஐந்தாம் நாளில் முதல் நாளைவிடக் கூடுதலாக வலித்தால், அல்லது வலி ஒரே பல்லில் மட்டும் தங்கித் துடித்தால், அது வேறு காரணத்தால் வருவது. எங்களிடம் காட்ட வேண்டும்.

முதல் மூன்று நாட்களைக் கடத்துவது எப்படி?

முதலாவது, குளிர்ச்சி. குளிர்ந்த நீரைச் சிறிது நேரம் வாயில் வைத்திருந்து விழுங்கலாம். குளிர்ந்த மோர், இளநீர், நுங்கு ஆகியவையும் இதம் தரும். இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. தொடக்க மாதங்களில் நாங்கள் பெரும்பாலும் நிக்கல்-டைட்டானியம் கலப்புக் கம்பியைப் பயன்படுத்துகிறோம். அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் 1970களில் இத்துறைக்குக் கொண்டுவந்த உலோகம் இது. இதில் வெப்பத்தால் செயற்படும் வகைக் கம்பிகள் வாயின் வெப்பத்தில் விறைப்படையும், குளிர்ந்தால் இளகும். ஆகவே ஒரு வாய் குளிர்நீர், திசுவைக் குளிர்விப்பதோடு கம்பியின் விசையையும் சற்று நேரம் தளர்த்துகிறது. வலி மிகுந்த நாட்களில் கொதிக்கக் கொதிக்கக் காப்பி, இரசம் அருந்துவதைத் தவிர்ப்பது நல்லது. பனிக்கட்டியைக் கடிக்க மட்டும் கூடாது, பிராக்கெட் பெயர்ந்துவிடும்.

இரண்டாவது, மருந்து. பெரும்பாலோருக்குப் பாராசிட்டமால் போதுமானது. குழந்தைகளுக்கு வயதைக் கொண்டன்றி எடையைக் கொண்டே அளவு கணக்கிட வேண்டும். ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம்; 30 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 300 முதல் 450 மில்லிகிராம். இரண்டு வேளைகளுக்கு இடையே நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி வேண்டும்; 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மிகக் கூடாது. சளி, இருமல் மருந்துகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு மிகுந்து கல்லீரலுக்குக் கேடு நேரலாம். மருந்துச் சீட்டையும் உறையையும் படித்துப் பாருங்கள். கல்லீரல் நோய் உள்ளவர்களும் கருவுற்றிருப்பவர்களும் எங்களைக் கேட்டபின் உட்கொள்க.

ஐபுபுரூஃபனும் இவ்வலியைக் குறைக்கும். ஆயினும் அது புரோஸ்டாகிளாண்டின் சுரப்பைத் தடுப்பது; பல் நகர அப்பொருள் தேவை என்பதால், நாட்கணக்கில் தொடர்ந்து உட்கொள்வதை நாங்கள் விரும்புவதில்லை. ஆஸ்துமா, இரைப்பைப் புண், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அது பொருந்தாமற்போகலாம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். மழைக்காலத்தில் குழந்தைக்குக் காய்ச்சலும் இருந்தால், டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஐபுபுரூஃபனோ ஆஸ்பிரினோ கொடுக்கவே கூடாது. இரத்தக்கசிவு அபாயம் உண்டு. காய்ச்சல் இல்லாவிட்டாலும், 16 வயதுக்குட்பட்டோருக்குப் பல்வலிக்காக ஆஸ்பிரின் வேண்டாம்.

மூன்றாவது, உணவு. கம்பி போட்ட குழந்தை பட்டினி கிடக்க வேண்டியதில்லை. நம் சமையலறையிலேயே மென்மையான உணவுகள் ஏராளம். இட்லி, இடியாப்பம், குழைய வடித்த பருப்புச் சோறு, தயிர்ச்சோறு, பொங்கல், கேழ்வரகுக் கூழ், கம்பங்கூழ், ரவைக் கஞ்சி, மசித்த உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, முள் நீக்கிய மீன், வாழைப்பழம், பப்பாளி ஆகியவை முதல் மூன்று நாட்களுக்குப் போதும். காரத்தையும் புளிப்பையும் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். புண் இருப்பின் எரிச்சல் குறையும். வலி தணியத் தணிய மெல்லத் தொடங்கலாம். மென்மையான உணவை மெல்லுவதால் தீங்கில்லை; மெல்ல மெல்லப் பற்களின் இறுக்கம் தளர்வதாகவே பலரும் உணர்கின்றனர்.

சிலருக்குப் பற்கள் முழுமையாக மூடாதபடி கடைவாய்ப் பல்லின்மீது சிறிதளவு சிமெண்ட் வைத்திருப்போம். மேற்பல் கீழ்வரிசைக் கம்பியைக் கடித்துப் பெயர்த்துவிடாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. ஒன்றிரண்டு வாரம் மெல்லுவது கடினமாக இருக்கும், பிறகு பழகிவிடும். வீட்டில் அதைச் சுரண்டி எடுத்துவிட முயல வேண்டாம்.

உராய்வும் வாய்ப்புண்ணும்

கன்னமும் உதடும் நாக்கும் வழவழப்பான பற்களோடு பழகியவை. திடீரென்று அங்கே உலோக முனைகள் வந்துவிட்டால் அவை உராய்ந்து புண்ணாவது இயல்பு. இரண்டு மூன்று வாரங்களில் உட்தோல் சற்று உறுதிப்பட்டுப் பழகிக்கொள்ளும். அதுவரை காப்பதற்காகவே நாங்கள் ஒரு சிறு பெட்டியில் மெழுகு தருகிறோம். பலர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மேசை அறையில் வைத்துவிடுகின்றனர். பயன்படுத்துவோரிலும் பலர், ஒட்டவில்லை என்று குறைப்படுகின்றனர். ஒட்டாததற்கு ஈரமே காரணம்.

முதலில் கைகளைக் கழுவுங்கள். பல்லைத் துலக்கி, உறுத்தும் பிராக்கெட்டைச் சுத்தமான பஞ்சாலோ மெல்லிய துணியாலோ துடைத்து உலர வையுங்கள். மெழுகில் பட்டாணி அளவு கிள்ளி, விரல்களுக்கிடையே உருட்டினால் இளகும். அதைப் பிராக்கெட்டின் மீது வைத்து அழுத்தி, சுற்றிலும் படியுமாறு தட்டையாக்குங்கள். உண்ணும் முன்பும் துலக்கும் முன்பும் எடுத்துவிட்டு, பின்னர்ப் புதிய மெழுகு வைக்க வேண்டும். தவறி விழுங்கிவிட்டால் அஞ்ச வேண்டாம்; தீங்கு செய்யாது. மெழுகு தீர்ந்துவிட்டால் எங்களிடம் கேட்டுப் பெறுங்கள். மருந்துக் கடைகள் சிலவற்றிலும் கிடைக்கும். மெழுகுவர்த்தியின் மெழுகை அதற்கு மாற்றாகப் பயன்படுத்தக் கூடாது.

புண் வந்துவிட்டால் உப்புநீர்க் கொப்பளிப்பு நல்ல பயன் தரும். ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அரை நிமிடம் வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை போதும். உப்பைக் கூட்டினால் பயன் கூடாது, எரிச்சலே கூடும். உராய்வை நீக்கிவிட்டால் சிறு புண்கள் ஏழு முதல் பத்து நாட்களில் ஆறிவிடும்.

மரத்துப்போகச் செய்யும் களிம்பை உணவுக்கு முன் சிறிதளவு தடவலாம். ஆனால், மரப்பு நீங்கும்முன் மெல்லத் தொடங்கினால் கன்னத்தையே கடித்துக்கொள்ள நேரும். வாய்ப்புண் களிம்புகள் சிலவற்றில் கோலின் சாலிசிலேட் என்னும் மருந்து உண்டு. 16 வயதுக்குட்பட்டோருக்கு அது ஏற்றதன்று. கடையில் கேட்டு வாங்கும்முன் எங்களைக் கேளுங்கள்.

வீட்டு வைத்தியம் பற்றிப் பலரும் வினவுகின்றனர். வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரையைப் பாசிப்பருப்போடு சமைத்துக் கொடுக்கும் பாட்டிமாரை நாங்கள் தடுப்பதில்லை. மென்மையான, சத்துள்ள உணவு அது, தாராளமாகக் கொடுக்கலாம். கிராம்புத் தைலத்தை அப்படியே புண்ணின்மீது தடவுவதைத்தான் வேண்டாம் என்கிறோம். நீர்க்காத தைலம் மென்திசுவைச் சுட்டுப் புண்ணைப் பெரிதாக்கிவிடும். பல்லிடுக்கில் புகையிலை அடக்குவதும், கற்பூரம் வைப்பதும், வலிமாத்திரையைப் பொடித்து ஈறில் ஒட்டவைப்பதும் இவ்வகையைச் சேர்ந்தவையே. இரவில் தேனைத் தடவிவிட்டு உறங்கினால், கம்பியைச் சுற்றித் தேங்கும் சர்க்கரை பல்லை அரிக்கும்.

உலோகம் படாத இடங்களிலும் புண்கள் அடிக்கடி வருகின்றனவா? இரும்புச்சத்தோ வைட்டமின் பி12-ஓ குறைந்திருக்கலாம். இரத்தப் பரிசோதனை உதவும். நுரை மிகுந்த பற்பசையை மாற்றியதால் புண் குறைந்தவர்களும் உண்டு. கவரிங் காதணி அணிந்தால் காது அரிக்கும் என்பவர்கள் அதைச் சிகிச்சைக்கு முன்பே எங்களிடம் தெரிவிக்க வேண்டும். அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கக்கூடும். வேறு வகைக் கம்பியைத் தேர்ந்துகொள்ளலாம்.

கம்பி குத்தினால்

தொடக்கத்தில் சொன்ன மாணவிக்கு நேர்ந்தது இதுதான். கோணலாக இருந்த பற்கள் வரிசைக்கு வர வர, வளைந்திருந்த கம்பி நேராகிறது. மிஞ்சும் நீளம் பின்னோக்கி வழுக்கிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறது. சிகிச்சை முன்னேறுகிறது என்பதன் அடையாளமே அது. ஆயினும் அந்த நுனி கன்னத்தைக் கிழிக்க விடலாகாது.

அன்றே எங்களைத் தொலைபேசியில் அழையுங்கள். சிகிச்சை அட்டையில் எண் உள்ளது. மாதத் தவணை நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இதற்காகத் தனியே முன்பதிவும் வேண்டாம். வரும்வரை நுனியின்மீது மெழுகு வையுங்கள். மெல்லிய கம்பியாக இருந்தால், பென்சிலின் அழிப்பான் பக்கத்தைக் கழுவித் துடைத்து, அதனால் நுனியைப் பல்லை ஒட்டி மெதுவாக மடக்கிவிடலாம். பஞ்சு சுற்றிய குச்சியும் பயன்படும். வலுவைக் காட்டக் கூடாது, அசையாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கம்பியை வீட்டில் வெட்டுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வெட்டிய துண்டு தொண்டைக்குள் சென்றுவிடும் அபாயம் உண்டு. மருத்துவமனையை உடனே அடைய இயலாத தொலைவில் இருந்து, வலியும் தாங்க முடியாததாக இருந்தால், எங்களோடு தொலைபேசியில் பேசியபடியே என்ன செய்வது என்பதை முடிவு செய்யலாம். கைப்பேசியில் ஒளியிட்டு எடுத்த ஒரு படத்தை அனுப்பினால், வந்தே தீர வேண்டுமா என்பதைப் பல வேளைகளில் அங்கிருந்தபடியே சொல்லிவிட முடிகிறது. ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் மிச்சமாகும்.

பிராக்கெட் பெயர்ந்து கம்பியிலேயே தொங்கிக்கொண்டிருந்தால் அதைப் பிடுங்காதீர்கள். மெழுகு வைத்து அசையாமல் செய்து, சில நாட்களுக்குள் வாருங்கள். முழுவதும் கழன்று கைக்கு வந்துவிட்டால், சிறு உறையில் போட்டு எடுத்து வாருங்கள். திட்டு விழுமென்று அஞ்சிக் குழந்தைகள் இதை மறைப்பதுண்டு. நாங்கள் திட்டுவதில்லை. ஆனால், பெயர்ந்த பிராக்கெட்டோடு ஒரு மாதம் கழிந்தால் அந்தப் பல் நகராமல் நிற்கும். சிகிச்சை அந்த அளவுக்கு நீளும்.

பெயர்வதைத் தடுப்பது பெரிதும் உணவைப் பொறுத்தது. தீபாவளி முறுக்கு, தட்டை, கிருஷ்ண ஜெயந்திச் சீடை, பொங்கல் கரும்பு, கடலை மிட்டாய், கமர்கட், பாக்கு, எலும்பு ஆகியவற்றை இவ்விரண்டு ஆண்டுகளுக்கு ஒத்திவைக்க வேண்டும். கரும்பு வேண்டுமென்றால் சாறாக எப்போதாவது அருந்தி, உடனே வாயைக் கொப்பளியுங்கள். கொய்யா, ஆப்பிள், மாங்காய் ஆகியவற்றைக் கடிக்காமல், சிறு துண்டுகளாக நறுக்கிக் கடைவாயால் மெல்லலாம். சோளக் கதிரை உதிர்த்துக்கொள்ளலாம். முருங்கைக்காயைக் கரண்டியால் வழித்து உண்ணலாம். பேனா மூடியைக் கடிக்கும் பழக்கமும் பிராக்கெட்டுக்குப் பகை.

வலித்தாலும் துலக்க வேண்டும்

வலியைத் தணிக்க வேண்டும் என்று நாங்கள் இத்துணை வலியுறுத்துவதன் உள்நோக்கம் ஒன்று உண்டு. வலிக்கும் வாயை யாரும் துலக்குவதில்லை. துலக்காத பல்லில், பிராக்கெட்டைச் சுற்றி ஒட்டும் அழுக்குப் படலம், சில வாரங்களிலேயே எனாமலில் வெண்புள்ளிகளை உண்டாக்கிவிடும். பற்சிதைவின் முதல் படி அது. இரண்டு ஆண்டு சிகிச்சை முடிந்து கம்பியைக் கழற்றும் நாளில், வரிசையான பற்களில் நிலைத்துவிட்ட வெள்ளை வடுக்களைக் காண்பது பெற்றோருக்கும் எங்களுக்கும் பெருவருத்தம் தரும் காட்சி.

மென்மையான தூரிகையை ஈறை நோக்கிச் சாய்த்து, கம்பிக்கு மேலும் கீழும் தனித்தனியே, இரண்டு நிமிடத்திற்குக் குறையாமல் துலக்குங்கள். கம்பிக்கு அடியில் நுழையும் சிறு இடைத்தூரிகை மிகவும் உதவும். பற்பசையில் ஃபுளூரைடு இருக்க வேண்டும். பள்ளியில் மதிய உணவுக்குப் பின் துலக்க இயலாவிட்டால், நீரால் வலுவாகக் கொப்பளிப்பதையாவது வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஈறில் இரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்தக் கூடாது. பெரும்பாலும் அழுக்குத் தேங்கியதால்தான் இரத்தம் வருகிறது. மென்மையாகத் தொடர்ந்து துலக்கினால் ஒரு வாரத்தில் குறையும். குறையாவிட்டால் வாருங்கள்.

ரப்பர் வளையங்கள்

மேற்பல்லையும் கீழ்ப்பல்லையும் இணைத்து மாட்டும் ரப்பர் வளையங்கள் பலருக்கும் தொல்லையாகத் தோன்றுகின்றன. வலிக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டு, தவணைக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் மாட்டிக்கொண்டு வருவோர் உண்டு. வலி நீடிப்பதற்கு அதுவே காரணம். தொடர்ந்து அணிந்தால் மூன்று நான்கு நாட்களில் வலி அடங்கும். கழற்றிக் கழற்றி மாட்டினால் ஒவ்வொரு முறையும் முதல் நாள் வலியே திரும்பும். நாங்கள் சொன்ன மணிக்கணக்குப்படி அணிந்து, நாள்தோறும் புதிய வளையம் மாற்றுங்கள். விரைவில் பலன் வேண்டி இரண்டு வளையங்களைச் சேர்த்து மாட்டக் கூடாது. ரப்பரால் உதட்டில் அரிப்போ வீக்கமோ வந்தால் தெரிவியுங்கள். லேடெக்ஸ் இல்லாத வளையங்களும் உண்டு.

இசையும் விளையாட்டும்

நாகசுரம் பயிலும் மாணவர்களுக்குச் சீவாளியைப் பற்றும் உதடுகள் கம்பியின்மீது அழுந்திப் புண்ணாகலாம். முன்பற்களில் மெழுகு வைத்துக்கொண்டு, முதல் சில வாரங்கள் சிறிது சிறிதாகப் பயிற்சி நேரத்தைக் கூட்டுவது நல்லது. கச்சேரி, அரங்கேற்றம் நெருங்கினால் முன்கூட்டியே சொல்லுங்கள். கம்பி மாற்றும் நாளைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். தேர்வு நாட்களுக்கும் இது பொருந்தும். கபடி, கிரிக்கெட், ஹாக்கி ஆடுவோர் பல்கம்பிக்கேற்ற வாய்க்காப்பு அணிந்தே களமிறங்க வேண்டும்.

எப்போது உடனே வர வேண்டும்?

முகமோ தாடையோ வீங்கினால். காய்ச்சலோடு பல்வலி இருந்தால். ஈறிலிருந்து சீழ் வந்தால். வாயைத் திறக்கவோ விழுங்கவோ இயலாவிட்டால். முகத்தில் அடிபட்டுப் பல் அசைந்தால். இரத்தம் நிற்காவிட்டால், அன்றே வாருங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத எந்தப் புண்ணையும் காட்டுங்கள். விழுங்கிய சிறு துண்டுகள் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். ஆயினும் எங்களுக்குத் தெரிவியுங்கள். துண்டு உள்ளே சென்றபின் விடாத இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால், அது மூச்சுக்குழலில் சிக்கியிருக்கலாம். பல் பிரிவுக்கு வரும் நேரம் அன்று அது. 108-ஐ அழைத்து அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

உடனிருப்போருக்கு

பெற்றோரும் தாத்தா பாட்டியும் வீட்டிலிருந்து செய்யக்கூடிய பேருதவி ஒன்று உண்டு. "வலிக்குதா?" என்று கேட்டால் குழந்தை, "இல்லை" என்றே சொல்லும். செலவு செய்து போட்ட கம்பி, மறுபடி விடுப்பு எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்கும் தெரியும். ஆகவே, "எங்கே உறுத்துது, காட்டு" என்று கேளுங்கள். வாரம் ஒருமுறை வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லி, கடைவாய்ப் பக்கம் இருபுறமும் கைப்பேசி விளக்கால் பாருங்கள். தட்டில் சோறு மிஞ்சுகிறதா, ஒரு பக்கமாகவே மெல்லுகிறதா என்பதையும் கவனியுங்கள். தூரிகை ஈரமாக இருக்கிறதா என்பதும் ஒரு நல்ல அடையாளம். "இத்தனைப் பணம் கட்டியிருக்கோம், பொறுத்துக்கோ" என்னும் சொல்லை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

வயது வந்தவர்களும், குறிப்பாகத் திருமணத்துக்கு முன்பாகக் கம்பி போட்டுக்கொள்ளும் இளைஞர்களும் பெண்களும், வேலை நெருக்கடியில் புண்ணோடு வாரங்களைக் கடத்துகின்றனர். இங்கே சொன்னவை அவர்களுக்கும் உரியவையே.

அந்த மாணவியின் புண் பத்து நாட்களில் ஆறியது. ஈறு பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு மாதங்கள் ஆயின. அதன்பின் இருமுறை கம்பி நீண்டது. முதல்முறை அவளே தொலைபேசியில் அழைத்து, மெழுகு வைத்திருப்பதாகவும் சனிக்கிழமை வந்தால் போதுமா என்றும் கேட்டாள். இரண்டாம் முறை அழைத்தவர் அவள் தந்தை. சிகிச்சை முடிந்து கம்பியைக் கழற்றிய நாளில் அவள் பற்களில் வெண்புள்ளி ஒன்றுகூட இல்லை.

இப்போது எங்கள் பிரிவில் கம்பி பொருத்தி அனுப்பும்போது, "பொறுத்துக்கோ" என்று மட்டும் சொல்வதில்லை. "பல் அழுத்தினா மூணு நாள் பாரு. கம்பி குத்தினா அன்னைக்கே போன் பண்ணு" என்கிறோம். உங்கள் வீட்டில் கம்பி அணிந்திருக்கும் ஒருவர் இருந்தால், இன்று இரவே அவர் வாயை ஒருமுறை விளக்கொளியில் பார்த்துவிடுங்கள்.